ஊரார் நட்ட கல்: எடுத்தனூரின் கருந்தேவக்கத்தியும் கோவிவனும்

செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் பாறையில் கோயில் குடைந்ததாக மண்டகப்பட்டில் வடமொழியில் எழுதுவித்து, விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயரால் தன்னைக் குறித்துக்கொண்ட முதலாம் மகேந்திரவர்மன், பல்லவர் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படும் மன்னர்களுள் ஒருவன். குடைவரைகளைத் தோற்றுவித்தவனாகவும், மத்தவிலாசம் என்னும் அங்கத நாடகத்தின் ஆசிரியனாகவும், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் பகைவனாகவும் அவன் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் இடம்பெற்றான். அதே மன்னனின் 34ஆம் ஆட்சியாண்டில், காஞ்சியிலிருந்து தொலைவில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துத் தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ள எடுத்தனூர் என்னும் சிற்றூரில், அரசனின் ஆணையும் சிற்பிகளின் பட்டறையும் இன்றி, எருமை மந்தையைக் காத்து மடிந்த ஒருவனுக்காக ஒரு பலகைக்கல் நடப்பட்டது. அந்தக் கல்லும் அதைப் போன்ற பிற கற்களும் இல்லாதிருந்தால், பல்லவர் காலத்துத் தமிழகத்தின் ஊர்ப்புற மக்களில் எவருடைய பெயரும் நமக்குக் கிட்டியிருக்காது என்றே சொல்லலாம். கோயிலுக்குக் கொடையளித்தோரும், பிரமதேயம் பெற்ற வேதியரும், படைத்தலைவரும், அரச அலுவலரும் செப்பேடுகளிலும் கோயில் சுவர்களிலும் பதிவாகியிருக்க, உழைத்தும் மேய்த்தும் காவல் நின்றும் வாழ்ந்த மக்களின் பெயர்களைக் காத்து வைத்திருப்பவை நடுகற்களே.

நடுகல் என்பது போரில், பெரும்பாலும் ஆநிரை பற்றிய பூசலில், உயிர்நீத்தவனின் நினைவாக நடப்படும் கல். ஆநிரை என்பது மாட்டு மந்தை. கல்வெட்டு வழக்கில் இதுவே தொறு என்று வழங்கியது. பகைவரின் மந்தையைக் கவர்ந்து வருவதை வெட்சி என்றும், கவர்ந்து செல்லப்பட்ட மந்தையை மீட்பதைக் கரந்தை என்றும் புறப்பொருள் இலக்கணம் பகுத்துக் காட்டுகிறது. தொல்காப்பியம் இவ்விரண்டையும் வெட்சித் திணையிலேயே அடக்க, பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாக்கியது. கால்நடையே செல்வமாக இருந்த சமூகத்தில் மந்தையை இழப்பது என்பது உழவையும் உணவையும் ஒருசேர இழப்பதாகும். ஆகவே ஆநிரைப் பூசலை ஏதோ சில்லறைத் திருட்டு என்று கருதிவிட முடியாது. அது போரின் தொடக்கமாகவும், பல ஊர்களைப் பொறுத்தவரை போரின் முழு வடிவமாகவும் இருந்தது.

நடுகல் எடுப்பதற்குரிய முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகச் சொல்கிறது. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அக்கல்லை எடுத்துக்கொண்டு பணியைத் தொடங்குவது கால்கோள். கல்லை நீரில் ஆட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. உரிய இடத்தில் நிறுத்துவது நடுதல். அதற்குப் பெருமை தோன்றப் படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. இறந்தவனின் புகழை எடுத்துரைப்பது வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று தலைப்புகள் வரிசையாக அமைந்திருப்பது இந்த மரபின் வழிப்பட்டதே; இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்குக் கோயில் சமைத்த சேரன் செங்குட்டுவனின் செயலை இளங்கோவடிகள் சிற்றூர்ச் சடங்கின் அதே ஒழுங்கில் வைத்துப் பாடியிருக்கிறார். பேரரசன் ஒருவன் இமயம் வரை சென்று செய்ததையும் மலையடிவாரத்து ஊரார் தம் ஓடைக்கரையில் செய்ததையும் ஒரே இலக்கணம் ஆண்டது என்பது கருதத்தக்கது.

சங்கப் பாடல்களில் நடுகல் பலவாறாகத் தோன்றுகிறது. பொருள் தேடிப் பாலை வழியே செல்லும் தலைவன் கடக்கவேண்டிய பாதைகளில், வீரரின் பெயரும் சிறப்பும் பொறித்து மயிற்பீலி சூட்டிய கற்கள் நிற்பதை அகநானூறு சித்திரிக்கிறது. அவற்றின் முன்னே வேலை ஊன்றிக் கேடயத்தைச் சார்த்தி வைத்திருப்பதையும் அது கூறுகிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைத்ததை எண்ணி ஔவையார் வருந்திப் பாடிய பாடல் புறநானூற்றில் 232ஆம் பாடலாக உள்ளது. பகைவர் முன்னே எதிர்நின்று யானையை வீழ்த்தி இறந்தவனின் கல்லைத் தவிர நெல்தூவி வழிபடத்தக்க கடவுள் வேறில்லை என்னும் கருத்தை மாங்குடி கிழாரின் 335ஆம் புறப்பாடல் முன்வைக்கிறது.

எடுத்தனூரைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விட நெருக்கமான சான்று பத்துப்பாட்டில் உள்ளது. செங்கண்மா என்று அக்காலத்தில் வழங்கிய இன்றைய செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், அவ்வழியில் கவர்த்த பாதைகள்தோறும் பெயர் பொறித்து நட்ட கற்கள் இருப்பதைக் குறிப்பிட்டு, அவற்றைக் கடக்கும்போது தொன்றுதொட்டு வந்த முறைப்படி இசைத்து வழிபட்டுச் செல்லுமாறு கூத்தர்க்கு அறிவுறுத்துகிறது. எடுத்தனூர் முன்பு செங்கம் வட்டத்திலேயே அடங்கியிருந்த ஊர். ஆகவே மகேந்திரவர்மன் காலத்தில் இப்பகுதியில் நடப்பட்ட கற்களைப் பல்லவர் ஆட்சியின் விளைவாகக் கருதுவது பொருந்தாது; பல்லவர் வருவதற்குப் பல தலைமுறை முன்பே இம்மண்ணில் நிலைபெற்றிருந்த வழக்கத்தின் தொடர்ச்சியே அவை.

இந்த வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இலக்கியம் மட்டுமே சான்றாக இருந்த நிலை 2006இல் மாறியது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைப் பள்ளத்தாக்கில் உள்ள புலிமான்கோம்பையில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். தமிழி அல்லது தமிழ்ப் பிராமி என்பது வட்டெழுத்துக்கும் இன்றைய தமிழ் எழுத்துக்கும் முந்திய வரிவடிவம். அதுவரை அவ்வெழுத்து பெரும்பாலும் சமணத் துறவியர் தங்கிய குகைகளிலும் பானை ஓடுகளிலும் மட்டுமே அறியப்பட்டிருந்தது. புலிமான்கோம்பைக் கற்களில் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவன் என்பவனின் கல் என்று தன்னை அறிவிக்கிறது. பெயரும் பீடும் எழுதிய கற்களைப் பற்றிப் புலவர்கள் பாடியது வெறும் கவிமரபு அன்று என்பதும், கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே மேய்ச்சல் நிலத்து ஊர்களில் எழுத்து புழங்கியது என்பதும் இக்கண்டுபிடிப்பால் உறுதிப்பட்டன. தமிழகக் கல்வெட்டியலில் அண்மைக் காலத்தில் கிடைத்த சான்றுகளுள் இதற்கு நிகரானவை மிகச் சில.

புலிமான்கோம்பைக்கும் எடுத்தனூருக்கும் இடையில் ஏறத்தாழ 800 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் கல்லின் தோற்றம் மாறியது. எழுத்துக்கு முதலிடம் இருந்த கல்லில் உருவம் நுழைந்து நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. செங்கம், தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களில் கிடைத்துள்ள பல்லவர் காலக் கற்களில் வீரன் பெரும்பாலும் வில்லையோ வாளையோ ஏந்தி, ஒரு காலை முன்வைத்துப் பாயும் நிலையில், பக்கவாட்டில் முடிந்த கொண்டையோடு காட்டப்படுகிறான். சில கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. காலருகே ஒரு கெண்டியும் ஒரு சிமிழும் செதுக்கப்பட்டிருப்பது உண்டு. கெண்டி என்பது மூக்குடைய நீர்க்கலம். சிமிழ் என்பது மூடியுடைய சிறு பேழை. அதியமானின் கல்லுக்குக் கள் படைத்த செய்தியோடு சேர்த்து நோக்கினால், படையலின் நினைவு கல்லிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. ஆண்டுதோறும் படைப்பதற்கு உறவினர் எவரும் எஞ்சாத காலத்திலும் இறந்தவனுக்குரிய கலம் அவன் அருகிலேயே இருக்கும்படி சிற்பி செய்துவைத்தான்.

செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் செறிந்திருப்பதற்கு நிலவியலே முதற்காரணம். சவ்வாது மலையின் அடிவாரமும், செய்யாறும், தென்பெண்ணையும், இடையிடையே காடும் மேய்ச்சல் வெளியுமாக அமைந்த இப்பகுதியில் ஏரிப்பாசனத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. மாடும் எருமையுமே குடும்பத்தின் முதல். மலைக்கணவாய் வழியாக வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் மறைவது எளிது. அரசியல் நிலையும் இதற்குத் துணையாயிற்று. காஞ்சிப் பல்லவரின் நேரடி ஆட்சி தளர்ந்து, வாணர், கங்கர் முதலிய குறுநில மரபினரின் செல்வாக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் எல்லைநிலம் இது. காவிரி டெல்டாவில் நடுகற்கள் மிக அரிதாகவே கிடைப்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: நெல் விளையும் இடத்தில் வரலாறு கோயில் சுவரில் எழுதப்பட்டது, மாடு மேயும் இடத்தில் அது வழியோரக் கல்லில் எழுதப்பட்டது.

இந்தக் கற்கள் முறையாகத் தேடித் தொகுக்கப்பட்டது 1970களின் தொடக்கத்தில்தான். இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் வட்டத்தில் ஊர் ஊராக நடத்திய ஆய்வின் பயனாக, ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பு 1972இல் வெளிவந்தது. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் கேட்பாரின்றிக் கிடந்த கற்கள் அதன்பின் வரலாற்றுச் சான்றுகளாயின. எடுத்தனூர்க் கல் பரவலாக அறியப்பட்டதும் அத்தொகுப்பின் வழியாகத்தான்.

எடுத்தனூர்க் கல்லின் முதற்கல்வெட்டு வட்டெழுத்தில் அமைந்தது. வட்டெழுத்து என்பது தமிழியிலிருந்து வளைவுகள் மிகுந்து உருவான எழுத்து. பல்லவ அரசவை தன் ஆவணங்களுக்குக் கிரந்தத்தைக் கையாண்ட அதே காலத்தில், அவ்வரசின் மேற்கு ஊர்கள் தமக்குப் பழகிய வட்டெழுத்திலேயே எழுதிவந்தன. கல்வெட்டு மன்னனைக் கோவிசைய மயிந்திர பருமன் என்று குறிக்கிறது. கோ என்பது அரசன். விசைய என்பது வெற்றியைக் குறிக்கும் அடைமொழி. மகேந்திரவர்மன் என்னும் வடமொழிப் பெயர் ஊராரின் நாவில் எவ்வாறு ஒலித்ததோ அவ்வாறே கல்லில் ஏறியிருக்கிறது. அம்மன்னனின் 34ஆம் ஆண்டில், வாணகோ அரசரின் உறவுவழியில் வந்த ஒரு தலைவரின் இளமகனாகிய கருந்தேவக்கத்தி, தன் எருமைப்புறத்தே பட்டான். இது அவனுடைய கல் என்பது செய்தி. இளமகன் என்பது இங்கே தலைவன் ஒருவனை அடுத்து வாழும் போர்ச்சேவகனைக் குறிக்கும். பட்டான் என்பது போரில் வீழ்ந்தான் என்னும் பொருளில் நடுகற்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல். வாணகோ என்பது வாணர் மரபின் தலைவனைச் சுட்டுகிறது. ஆக, பேரரசன், அவனுக்குக் கீழே குறுநில மன்னன், அவனுடைய உறவினனான தலைவன், அத்தலைவனின் சேவகன் என்னும் நான்கு படிகள் இச்சிறு வாசகத்தில் அடுக்காக நிற்கின்றன. நான்காம் படியில் இருப்பவனுக்காகவே மற்ற மூவரும் குறிக்கப்படுகிறார்கள்.

நடுகல்லை அரச ஆவணங்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடிப்படை வேறுபாடு இதுவே. செப்பேட்டில் மன்னனின் மரபும் வெற்றியும் விரிவாகப் புகழப்பட்ட பின்னர், நிலத்தின் எல்லைகளும் கொடை பெற்றவரும் சொல்லப்படும். நடுகல்லில் மன்னனின் பெயர் காலத்தைக் குறிப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. ஊரார் ஆண்டைச் சுட்டிய வழக்கமான வழி அது. மன்னன் கல்லைக் கண்டிருக்கமாட்டான். அப்படி ஒரு கல் நடப்பட்டது என்பதைக் கேள்விப்பட்டும் இருக்கமாட்டான். ஆயினும் அந்தச் சிறு குறிப்பு மன்னனின் வரலாற்றையே திருத்தும் ஆற்றல் கொண்டது. மகேந்திரவர்மனின் ஆட்சியைக் கி.பி. 600 முதல் 630 வரை என்று வகுக்கும் கணக்கு 30 ஆண்டுகளையே அவனுக்குத் தருகிறது; எருமை மேய்த்த ஊரின் கல்லோ அவனுடைய 34ஆம் ஆண்டைக் காட்டுகிறது. ஆட்சியின் தொடக்கத்தை ஆறாம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுசென்றால்தான் கல்லின் கூற்றுக்கு இடம் கிடைக்கும். கற்றளிகளும் செப்பேடுகளும் தராத ஒரு காலக்குறிப்பைச் சிற்றூர்க் கல் தந்திருப்பது, வரலாற்றுச் சான்றுகளை அவற்றின் தோற்றப் பொலிவால் மதிப்பிடும் பழக்கத்தைக் கைவிடப் போதிய காரணமாகும்.

எடுத்தனூர்க் கல்லை ஈடற்றதாக்குவது அதிலுள்ள இரண்டாவது வாசகம். வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற செய்தியை நாய்க்கென்றே தனியே பொறித்த வரிகள் தெரிவிக்கின்றன. நாயின் பெயர், அதன் செயல், அது எதிர்கொண்டவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெளிவாக இருக்கின்றன. கருந்தேவக்கத்தி வீழ்ந்த இடத்தை விட்டு அகலாமல் நின்ற அந்த விலங்கை, மனிதனுக்கு எழுதியதைப் போலவே பெயர் சொல்லி எழுதவேண்டும் என்று ஊரார் எண்ணினர். செதுக்குவதற்குக் கூலியும் உழைப்பும் தேவைப்பட்ட, ஒவ்வோர் எழுத்தும் உளிபட்டு உருவாகவேண்டிய கல்லில், நாய்க்காகத் தனி வரிகள் ஒதுக்கப்பட்டிருப்பதைத் தற்செயலான அணியாகக் கருத இடமில்லை. கள்ளர் இருவர் என்னும் எண்ணிக்கை, நேரில் கண்டவர் எவரோ ஒருவர் சொல்லக் கேட்டே அவ்வரிகள் எழுதப்பட்டன என்பதையும் உணர்த்துகிறது.

இதனோடு வைத்து நோக்கத்தக்கது கருநாடகத்து மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரின் கல். கி.பி. 949-50ஐச் சேர்ந்த அக்கல், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனும் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனை வென்ற போருக்குப் பின்னர், மணலேரன் என்னும் வீரன் அரசப் பரிசாகப் பெற்ற காளி என்னும் வேட்டைநாய் ஒரு பெரும் காட்டுப்பன்றியோடு மோதியதையும், இரண்டும் ஒருசேர மடிந்ததையும் கூறுகிறது. நாயும் பன்றியும் பொருதும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. தக்கோலப் போரைப் பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்று ஒரு நாயின் நினைவுக்கல்லில் இருப்பது வியப்புக்குரியதே. ஆனால் ஆதகூர்க் காளி அரசர்களின் வெற்றியையும் பரிசையும் ஒட்டிப் புகழ் பெற்ற நாய். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய எடுத்தனூர்க் கோவிவனுக்குப் பேரரசர் எவரின் தொடர்பும் இல்லை. எருமைகளைக் காத்தது ஒன்றே அதன் தகுதி. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சேவற்போரில் சிறந்து நின்ற ஒரு கோழிக்கு எடுத்த வட்டெழுத்துக் கல்லும் கிடைத்திருக்கிறது. ஊரின் பெயரைக் காத்த உயிர் எதுவாயினும் அதற்குக் கல் உண்டு என்னும் மனநிலை இப்பகுதியில் பரவியிருந்ததை அது காட்டுகிறது.

கருந்தேவக்கத்தியை வீழ்த்தியவர்களை எடுத்தனூர்க் கல் கள்ளர் என்று கூறுகிறது. புலிமான்கோம்பைக் கல் ஆநிரை கவர்ந்த நிகழ்ச்சியை ஆகோள் என்று மதிப்புத் தோன்றக் குறிக்கிறது. மந்தையை இழந்த ஊருக்குத் திருட்டாகத் தோன்றியது, மந்தையை ஓட்டிச் சென்ற ஊருக்கு மறச்செயலாகத் தோன்றியிருக்கும். தொறு கொண்டு, அதாவது பிறரின் மந்தையைக் கவர முயன்று, பட்டவர்களுக்கும் நடுகற்கள் உண்டு. தொறு மீட்டுப் பட்டவர்களுக்கும் உண்டு. எடுத்தனூரில் நாயிடம் கடிபட்ட இருவரில் எவரேனும் பின்னர் இறந்திருந்தால், அவருக்கும் வேறோர் ஊரில் கல் நட்டிருக்கக்கூடும். ஆகவே நடுகல் தனக்குரிய ஊரின் கண்கொண்டே நிகழ்ச்சியைக் காண்கிறது என்பதை மறவாமல்தான் அதைப் படிக்கவேண்டும். எனினும் அரசர்களின் மெய்ப்புகழ்ச்சிகளைப் படிப்பதற்கும் இதே எச்சரிக்கை வேண்டும். மகேந்திரவர்மனுக்கும் புலிகேசிக்கும் நடந்த போரில், பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாகப் புலிகேசியின் ஐகோளே கல்வெட்டு கூறுகிறது. புள்ளலூரில் மகேந்திரன் பகைவரை அழித்ததாகப் பிற்காலத்துக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. வென்றவன் யார் என்பதில் இரு தரப்பும் முரண்பட்டாலும், அப்போர்க்களத்தில் மாண்ட காலாட்களில் ஒருவனின் பெயரையும் சொல்லாமைக்கண் இரண்டும் ஒன்றுபடுகின்றன. பேரரசுகள் மோதிய பெரும்போரில் இறந்தவர்கள் பெயரற்றுப் போக, எருமை மந்தைக்காக நிகழ்ந்த சிறு பூசலில் இறந்தவனும் அவனுடைய நாயும் 1400 ஆண்டுகளாகப் பெயரோடு இருக்கிறார்கள்.

கல் நட்டதோடு ஊரின் கடமை முடிந்துவிடவில்லை. இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. இது நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் கல்வெட்டுகளில் வழங்கியது. நெய்த்தோர் என்பதும் உதிரம் என்பதும் குருதியைக் குறிப்பவை. குருதி சிந்தியதற்கு ஈடாக அளிக்கப்பட்ட நிலம் என்பது இதன் பொருள். வீரனின் மனைவியும் மக்களும் அந்நிலத்தின் விளைவைக் கொண்டு பிழைக்க, கல்லுக்கு உரிய படையலையும் அவர்களே செய்துவரும்படி ஏற்பாடு அமைந்தது. அரசின் ஓய்வூதியமோ படைத்துறையின் உதவியோ எண்ணிப்பார்க்கவும் இயலாத காலத்தில், தன்னைக் காத்தவனின் குடும்பம் பசியால் அழிந்துவிடக் கூடாது என்பதற்கு ஊரும் தலைவனும் கண்ட வழி இது. ஆயினும் அந்த நிலத்தில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்களின் பெயர்களைக் கற்கள் பெரும்பாலும் சொல்வதில்லை என்பது இம்மரபின் பெருங்குறை. கணவனின் கல்லருகே மனைவியின் உருவம் தோன்றும் பிற்காலக் கற்களிலும் அவள் உடன்கட்டை ஏறியவளாகவே காட்டப்படுகிறாள்.

எடுத்தனூர்ப் பூசல் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்கியது. எல்லாப் பூசல்களும் அவ்வாறு அமையவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஆம்பூர் நடுகற்கள் இரண்டும், நுளம்பரின் படை ஆநிரை கவர வந்தபோது நிகழ்ந்த சாவுகளைப் பதிவு செய்கின்றன. நுளம்பர் என்போர் இன்றைய கருநாடக, ஆந்திர எல்லைப் பகுதியை ஆண்ட குறுநில மரபினர். அங்கே மந்தையைக் கவர வந்தவர்கள் இரண்டு கள்ளர் அல்லர். ஓர் அரசின் படை. பேரரசுகளின் பகை எல்லையூர்களில் மாட்டு மந்தையின் வடிவில்தான் வந்து இறங்கியது என்பதை ஆம்பூர்க் கற்கள் உணர்த்துகின்றன.

சோழர் ஆட்சி வடக்கே பரவிப் பாசனமும் கோயில்களும் பெருகிய பின்னர், நடுகற்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் வழக்கம் அறவே மறையவில்லை. தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் கன்னட நாட்டு மரபின் தாக்கத்தால் அடுக்கு நடுகற்கள் தோன்றின. அவற்றில் கீழ்ப்பகுதியில் போர்க்காட்சியும், நடுவில் வானமகளிர் வீரனை ஏந்திச் செல்வதும், மேற்பகுதியில் அவன் இறைவனின் திருமுன் அமர்ந்திருப்பதும் காட்டப்படுகின்றன. வீரன் செல்லும் உலகம் விரிவடைய, அவன் இறந்த நிகழ்ச்சியைச் சொல்லும் எழுத்து சுருங்கியது. பிற்காலக் கற்கள் பலவற்றில் எழுத்தே இல்லை. சிற்பத்தின் வளர்ச்சியாக இதைப் பாராட்டுவோர் உண்டு. வரலாற்றின் நோக்கில் இது பேரிழப்பு. எடுத்தனூர்க் கல்லில் வானமகளிர் எவரும் இல்லை. ஆனால் அங்கே இறந்தவன் யார், எந்த ஆண்டில், எதற்காக, யாரோடு நின்று இறந்தான் என்பது தெரிகிறது.

பெயர் படிக்கத் தெரிந்தோர் குறைந்துபோன நூற்றாண்டுகளில் இக்கற்களைக் காத்தது வழிபாடே. திருவண்ணாமலை, தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்னும் பெயரில் தெய்வமாகி, அவற்றைச் சுற்றிச் சிறு கோயில்கள் எழுந்திருக்கின்றன. பொங்கலிட்டும் ஆடு, கோழி பலியிட்டும் மக்கள் வழிபட்டு வருகிறார்கள். வட்டெழுத்து வழக்கொழிந்தபின் கருந்தேவக்கத்திகளும் தீயன் அந்தவன்களும் ஒரே வேடியப்பனாகக் கலந்துவிட்டாலும், கையில் வில்லேந்தி நிற்பவன் ஊரைக் காத்தவன் என்னும் அறிவு மட்டும் மக்களிடம் தேயாமல் இருந்தது. வழிபாடு நின்றுபோன இடங்களில் கற்கள் துணி துவைக்கும் கல்லாகவும் மதகுக்கு இடும் பலகையாகவும் பயன்பட்டு அழிந்தன. தொல்லியல் துறை பல கற்களைத் தருமபுரி உள்ளிட்ட இடங்களின் அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசென்று காத்துவருகிறது. அழிவிலிருந்து மீட்க வேறு வழி இல்லாத கற்களுக்கு அது தேவையே. எனினும் ஊராரின் வழிபாட்டில் இருக்கும் கல்லை அதன் இடத்திலேயே விட்டு, அதில் எழுதியிருப்பதை இன்றைய எழுத்தில் அருகே எழுதி வைப்பது, பெயரை இழந்த வீரனுக்குப் பெயரையும், தன் வரலாற்றை இழந்த ஊருக்கு வரலாற்றையும் திருப்பித் தருவதாக அமையும். படியெடுத்து அச்சிட்ட தொகுப்புகள் 50 ஆண்டுகளாக நூலகங்களில் இருக்க, அவ்வாசகங்கள் பிறந்த ஊர்களின் பள்ளிகளுக்கு அவை இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

ஆம்பூர்க் கற்களுக்குப் பின்னணியாக அமைந்த பல்லவர், கங்கர், நுளம்பர் ஆகியோரின் முத்தரப்புப் பூசலும், அதில் வாணர் மாறிமாறி எடுத்த நிலைப்பாடுகளும் அடுத்த பகுதியில் இடம்பெறும்.